இடது கன்னம்

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, கறுப்புக் கோட்டு ஒன்றுக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தபோது தையல்காரிக்கு இடது கன்னம் அரித்தது. கொசுவாக இருக்கும் என்று தோளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத் தைத்தாள். கை பூட்டுவது தையலில் பொல்லாத இடம். ஒரு மடிப்பு விலகினாலும் போட்டுக்கொள்கிறவன் தோளைத் தூக்கிக்கொண்டே திரிய வேண்டியதுதான். அந்த வேலை முடிகிறவரை பக்கத்தில் இடி விழுந்தாலும் அவள் திரும்பமாட்டாள். முடித்து, நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த காஜாக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. தெருக் கதைகளையும் அதே ஊசியில் கோத்துவிடுவாள்.

"என்னக்கா, யார்கிட்ட அறை வாங்கினே?"

"ஏன்?"

"கன்னம் செவந்து கெடக்கு. கண்ணு வேற வீங்கியிருக்கு."

துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காகக் கடையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. தையல்காரி எழுந்து போய்ப் பார்த்தாள். இடது கன்னத்தில் காதோரம் தொடங்கி வாய் முனைவரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. இடது கண்ணின் மேலிமை தொங்கியது. வலது பக்கம் எப்போதும்போல் அவளுடையதாகவே இருந்தது. ஒரே முகத்தில் இரண்டு பேர் குடியிருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

"சூடா இருக்கும்," என்றாள். "மோர் குடிச்சா சரியாப் போயிடும்."

சரியாகத்தான் போனது. வெள்ளிக்கிழமைக்குள் சிவப்பு அடங்கி, தோல் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வந்தது.

அவள் புருஷன் பெரிய ஓட்டல் ஒன்றின் முன்வாசலில் கதவு திறந்து விடுகிறவர். வாசல்காரர் என்றுதான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நெடுநெடுவென்ற உயரம், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, வெள்ளைக் கையுறை. கன்னத்தின் பாதிவரை ஏறி முறுக்கிக்கொண்டு நிற்கும் கருகருவென்ற மீசை. ஓட்டலில் வந்து தங்குகிறவர்கள் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் அதிகம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் கடையில் முடி வெட்டுகிறவரிடம் உட்கார்ந்து, தலைக்கும் மீசைக்கும் டை அடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். எத்தனையோ வருஷமாக நடக்கிற காரியம். வீட்டில் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

"துணிதான்," என்றார் அவர், அவள் கன்னத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு. "திங்கட்கிழமைதானே புதுக் கட்டு பிரிக்கிறீங்க? கஞ்சி, மருந்து, என்னென்னமோ போட்டு அனுப்புறானுங்க."

"துணின்னா கைக்குத்தானே மொதல்ல வரணும்? கை நல்லாத்தானே இருக்கு."

"கையால முகத்தைத் தொடுறே இல்ல?"

"தொட்டா ரெண்டு பக்கமும்தான் தொடுவேன்."

அவர் சோற்றுத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடு, ஆறிடப்போவுது," என்றார்.

கீழ் வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். சோப்புக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உலகத்தில் எந்தக் கோளாறும் அழுக்கில்தான் தொடங்குகிறது என்பது அவள் தீர்மானம். நாத்தனார் மாடிப்படி ஏறி வரும்போதே கையில் சிவப்புச் சோப்பு ஒன்று இருந்தது.

"அந்தக் கடையில ஊர்ப்பட்ட தூசி. ராத்திரி படுக்கறதுக்கு முன்னால நல்லாத் தேச்சுக் கழுவு. எரியும். எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"ஏற்கனவே எரியுதுக்கா."

"இது வேற எரிச்சல்."

தையல்காரி தேய்த்துக் கழுவினாள். காலையில் ஒரு தடவை, கடையிலிருந்து வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை. நாத்தனார் சொன்னது உண்மை, அது வேறு எரிச்சல்தான். இப்போது வலது கன்னமும் காய்ந்து, விரலிடுக்குகளில் தோல் வெடித்து, வெங்காயம் நறுக்கினால் கண்ணில் வருகிற நீர் கையில் வந்தது. சோறு பிசைய முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டாள். வாசல்காரர் தனக்கும் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டார். அவள் மட்டும் கரண்டி பிடிப்பது அவருக்கு என்னவோபோல் இருந்திருக்க வேண்டும்.

பிறகு காஜாக்காரி ஒரு களிம்பு கொண்டு வந்து கொடுத்தாள். அவள் அண்ணன் காலில் கண்ணாடி குத்திப் புண்ணானபோது போட்டு ஆறியதாம். அதைப் போட்ட மூன்றாம் நாள் தையல்காரியின் முகத்தில் நீர் கோத்துக்கொண்டு கொப்புளம் கிளம்பியது. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதைதான்.

கடையில் கோட்டு அளவு கொடுக்க வந்த ஒருவர், அவள் நாடாவை எடுத்துக்கொண்டு கிட்டே வந்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "வேற யாராவது எடுக்கட்டுமே," என்றார், முதலாளியைப் பார்த்து. முதலாளி நல்ல மனுஷன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பார்வையை மேஜை மேல் வைத்துக்கொண்டே பேசினார்.

"இது... ஒட்டுமாம்மா?"

"தெரியலைங்க."

"ஒட்டாதுன்னுதான் நான் நெனைக்கிறேன். ஆனா வர்றவங்க வாயை நான் மூட முடியுமா? ஒரு நல்ல தோல் டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் உள்ளாற உக்காந்து தைங்க."

உள்ளே என்பது இஸ்திரி மேஜைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இடம். ஆவியும் வெக்கையுமாக இருக்கும். வியர்வை கன்னத்தில் வழிந்தால் உப்புத் தண்ணீர் பட்ட புண்போலக் காந்தும். அங்கே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை நாளும் தான் நல்ல தையல்காரி என்பதால்தான் முன்னால் உட்காரவைத்தார்களா, இல்லை முகம் நன்றாக இருந்ததாலா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

தோல் டாக்டர் நடுவயது அம்மாள். நாத்தனாரும் துணைக்குப் போனாள். டாக்டரம்மா அவள் முகத்தைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தாள். வெளியாள் யாரும் பின்னால் நகராமல் தொட்டுப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்ததால் தையல்காரி முகத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினாள்.

"எதையெல்லாம் போட்டீங்க?"

சொன்னாள்.

"மொதல்ல சோப்பை நிறுத்துங்க. இந்தக் கையில இருக்கறது சோப்பு பண்ணின வேலை. யாரு இத்தனை தடவை தேச்சாலும் அவங்க தோலும் இப்படித்தான் வெந்துபோகும்."

நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

"கொப்புளம் அந்தக் களிம்பால வந்தது. அதுல இருக்கற மருந்து சில பேருக்கு ஒத்துக்காது. இதுவும் உங்களுக்கு ஒரு பாடம்மா, அடுத்தவங்க களிம்பைப் போடாதீங்க."

"அப்ப மொதல்ல வந்தது? சோப்பும் இல்லாம, களிம்பும் இல்லாம வந்ததே?"

"அதுதான் நாம கண்டுபிடிக்கணும். தோல்ல படறது ரெண்டு விதமா கெடுக்கும். ஒண்ணு, நெருப்பு மாதிரி. யார் தொட்டாலும் சுடும், அங்கேயே அப்பவே சுடும். இன்னொண்ணு உங்களுக்கு மட்டும். ஊரே தொடும், ஒண்ணும் ஆகாது. உங்க ஒடம்பு மட்டும் வேண்டாம்னு சொல்லும். அதுவும் தொட்ட ஒடனே சொல்லாது. ஒரு நாள், ரெண்டு நாள், சில சமயம் மூணு நாள் கழிச்சு நிதானமாச் சொல்லும். அதனால நீங்க இன்னிக்கு வந்ததுக்கு இன்னிக்குத் தொட்டதைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க."

"நான் இத்தனை வருஷமா தொடாததையா இப்பப் புதுசா தொட்டேன்? எல்லாம் அதே துணி, அதே வீடு."

"பழசாத்தான் இருக்கும். வருஷக்கணக்கா பொறுத்துக்கிட்டு இருந்த ஒடம்பு ஒரு நாள் போதும்னு முடிவு பண்ணிடும். ஏன் அன்னிக்குன்னு கேட்டா எனக்கும் பதில் தெரியாது."

அவள் முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக மருந்து வைத்து, வரிசையாக நாடா போட்டு ஒட்டி அனுப்பினார்கள். தண்ணீர் படக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது. அந்த வெயிலில் குளிக்காமல், முதுகில் தேர் வடம் கட்டினது போல நடந்தாள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது ஒரே ஒரு வட்டத்தில் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்துப் போனபோது அந்த வட்டம் இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"கறுப்புச் சாயத்துல சேர்க்கற மருந்து இது," என்றாள் டாக்டரம்மா. "தலைக்கு டை அடிப்பீங்களா?"

"இல்லைங்க. நரைச்சது நரைச்சபடி விட்டுட்டேன்."

"தைக்கிறது என்ன நிறத் துணி?"

"கறுப்பு. முக்கால்வாசி கறுப்புதான்."

டாக்டரம்மா தலையாட்டினாள். "துணிச் சாயம் சிலதும் இதுக்குச் சொந்தக்காரன் மாதிரிதான். கொஞ்ச நாள் கறுப்புத் துணியைத் தொடாம இருந்து பாருங்க."

ஓட்டல் கோட்டு, வக்கீல் கோட்டு, வாத்தியக்காரர்கள் கோட்டு என்று கறுப்பிலேயே பிழைக்கிற கடையில் கறுப்பைத் தொடாத தையல்காரி எதற்கு? முதலாளி வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவளும் வருத்தப்படாத முகத்தோடு தன் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் உட்கார்ந்திருந்தாள். களிம்புக் கொப்புளம் ஆறியது. கை தேறியது. கறுப்பு நூல்கூட வீட்டில் கிடையாது. திங்கட்கிழமை வந்தது. இடது கன்னம் சிவந்து வீங்கியது. இந்தத் தடவை கழுத்தின் இடது பக்கத்திலும் கோடு கோடாக இறங்கியிருந்தது.

அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆயிற்று. தலையணை உறையை மாற்றினாள். துவைக்கிற தூளை மாற்றினாள். காதில் கிடந்ததைக் கழற்றினாள். ஜன்னலோரச் செடியைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்தாள். நாத்தனார் அதை வாங்கிக்கொண்டு, "எனக்கு வந்தா?" என்று கேட்டாள். பாத்திரம், விளக்கு, பூனை என்று வீட்டில் ஒவ்வொன்றும் அவளை ஒரு மாதிரி பார்ப்பதாகத் தோன்றியது. வாசல்காரர் வேலைக்குக் கிளம்பும்போது, "மனசைப் போட்டு ஒழப்பிக்காதே," என்று சொல்லிக் கன்னத்தில் கன்னம் வைத்துவிட்டுப் போவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு அப்படி ஒரு பழக்கம். வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டல் வாசலில் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

வெறுத்துப்போய்த் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் பாதி நாள் பயணம். தங்கச்சி வீடு ஆற்று மணல் அள்ளுகிற இடத்துக்குப் பக்கத்தில், எந்நேரமும் லாரிப் புழுதியில் முங்கிக் கிடக்கும். அங்கே போன கொஞ்ச நாளில் முகம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"உனக்கு ரெஸ்ட்டுதான் வேணும்னு நான் அப்பவே சொல்லலை?" என்றாள் தங்கச்சி. அப்போதோ எப்போதோ அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை.

ஒரு நாள் தங்கச்சி புருஷனின் கறுப்புக் கால்சட்டை கிழிந்துபோய்க் கிடந்தது. தையல்காரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. செத்தாலும் சரி என்று எடுத்துத் தைத்தாள். தைத்து முடித்து அந்தத் துணியை வேண்டுமென்றே இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். மறுநாள் பார்த்தாள், அதற்கு மறுநாள் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மகிழ்ச்சியாக இருக்க வேண்டியது. அந்தக் கால்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணி இல்லையென்றால் பிறகு எது?

முழு முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். வாசல்காரர் பஸ் நிலையத்துக்கே வந்து நின்றார். அன்று சாயங்காலம் வழக்கம்போல் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு, மீன் வாங்கி வந்து அவரே பொரித்தார். பாதி தீய்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் கையாலேயே சாப்பிட்டார்கள். அது சனிக்கிழமை.

திங்கட்கிழமை கண்ணாடி பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இடது கண் திறக்கவில்லை.

வாசல்காரர் கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். கோட்டில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தது.

"உன் தங்கச்சி வீட்டுல இருந்தப்ப ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"புழுதி, லாரிப் புகை, எல்லாம் இருந்தும் இல்ல."

"இல்ல."

"அப்ப இங்க இருக்கற ஏதோ ஒண்ணு அங்க இல்ல." வேடிக்கையாகச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "இங்க இருந்து அங்க இல்லாதது நான் ஒருத்தன்தான்."

சீ, என்ன பேச்சு என்று அவள் உடனே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கே அந்த எண்ணம் பஸ்ஸில் வரும்போது ஒரு நொடி வந்து போயிருந்தது. அதனால் சொல்ல ஒரு மூச்சு நேரம் தாமதமாகிவிட்டது. சொன்னாள், "என்னங்க இது, பைத்தியக்காரப் பேச்சு." அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இருக்கும்," என்றார். "இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டிருந்துட்டு ஒரு நாள் போதும்னு சொல்லுமாம். டாக்டரம்மா சொன்னதா நீதானே சொன்னே."

இன்னொரு கையையும் கோட்டில் நுழைத்துக்கொண்டு போய்விட்டார். கன்னத்தில் கன்னம் வைக்கவில்லை. அன்றிலிருந்து முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார்.

நாத்தனாருக்கு மாடியில் பாய் இழுபடுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் மேலே வந்தாள். "ஏம்மா, அவன்கிட்ட ஏதாவது கெட்ட சகவாசம், கெட்ட நோய்..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா. அவரு உங்க தம்பி."

"அதனாலதான் கேக்கறேன். வேற யாருக்குன்னா எனக்கென்ன?"

தையல்காரி அவளை உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகும்போது நாத்தனார் அவள் வலது கன்னத்தை, நல்ல கன்னத்தை, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தையல்காரிக்குப் பொறுக்கமுடியாததாக இருந்தது. அவர் முன்னறைக்குப் போன பிறகு முகம் ஆறத் தொடங்கியது. வீக்கம் இறங்கியது. சிவப்பு மங்கியது. அடுத்த திங்கட்கிழமை வந்து போயிற்று; ஒரு சின்னத் தடிப்புகூட இல்லை. கண்ணாடி முன் நின்றவள் திருட்டுத்தனம் செய்துவிட்டவள் போல முன்னறையை எட்டிப் பார்த்தாள். இதை அவர் பார்த்தால் என்ன நினைப்பார்? துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். சாப்பாடு வைக்கும்போது வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு வைத்தாள். "எரியுதா?" என்று அவர் கேட்டபோது, "எரியுது," என்று பொய் சொன்னாள். நோயை மறைக்கிறவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆறிப்போனதை மறைக்க வேண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் வருகிற போகிற முகங்களைப் பார்ப்பதே தொழிலாக உள்ளவரிடம் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? ஒரு மத்தியானம் அவள் அடுப்படியில் துப்பட்டாவைத் தளர்த்திக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். பார்த்தார். ஒரு கட்டுக் கீரையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினார்.

"நல்லா ஆயிடுச்சே," என்றார்.

"ம்."

"எதுக்கு மறைச்சே?"

கீரைத் தண்டு ஒவ்வொன்றாக ஒடிந்தது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன். நான்தான்னா நான்தான்னு அவங்க வாயாலயே கேட்டுக்கறேன். கேட்டுட்டா அப்புறம் யோசிக்க ஒண்ணுமில்லை பாரு."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் என்பதால் கோட்டும் கையுறையுமாகவே வந்தார். காத்திருக்கிற இடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை கையை நீட்டியது. கூப்பிட்டதும் எழுந்தார்கள். டாக்டரம்மாவின் அறைக் கதவை அவர் பழக்க தோஷத்தில் விரியத் திறந்து, ஒதுங்கி நின்று, லேசாகக் குனிந்து, தன் பெண்டாட்டியை உள்ளே விட்டார்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். தையல்காரியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கதவடியில் குனிந்து நின்றவரின் மீசையைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"இது உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

"இத்தனை நாள் எங்கே வெச்சிருந்தீங்க இவரை?"

அவர் உட்காரவில்லை. "நான்தான் காரணமா டாக்டர்? சும்மா சொல்லுங்க."

"மீசைக்கு என்ன போடறீங்க?"

"டை."

"எப்ப?"

"சனிக்கிழமை."

"படுக்கும்போது இவங்களுக்கு எந்தப் பக்கம் படுப்பீங்க?"

ஓட்டல் வாசலில் ராஜாக்களையும் மந்திரிகளையும் பார்த்த மனுஷன் காது மடல் சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்தார். தையல்காரி மடியில் இருந்த பையின் வாரைத் திருகினாள். கடைசியில் அவள்தான், "இடது பக்கம்," என்று சன்னமாகச் சொன்னாள்.

"அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்," என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்கு டை உண்டான்னு கேட்டேன். வீட்டுல யாருக்காவது உண்டான்னு கேக்காம விட்டுட்டேன். துணி பாவம். சனிக்கிழமை மீசையில இருந்து கன்னத்துக்கு வருது. திங்கட்கிழமை ஒடம்பு சொல்லுது. கழுத்துல கோடு கோடா வந்திருந்தா அது இவரு தலை முடி."

"அப்ப நான் இல்ல?"

"நீங்க இல்ல. உங்க மீசைச் சாயம்."

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இது வேற நான் வேறயா டாக்டர்?" என்றார். கேலியாகத்தான் கேட்டார் என்று டாக்டரம்மா சிரித்தாள். தையல்காரிக்குத் தெரியும், அவர் கேலி செய்யவில்லை.

வெளியே வந்து இரண்டு பேரும் நடந்தார்கள். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தால் அது அவர் தோளுக்கு மாறியிருந்தது.

"முன்வாசல்ல நரைச்ச ஆளை நிறுத்தமாட்டானுங்க," என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு முன்னால இருந்தவரை அப்படித்தான் பின்னால அனுப்பினாங்க."

"நான் இடம் மாறிப் படுத்துக்கறேன். நீங்க எப்பவும்போல இருங்க."

"ஆயுசு பூராவுமா?"

அவள் முகம் அவளுக்கு வேண்டும். அவர் வாசல் அவருக்கு வேண்டும். இரண்டில் எது பெரிது என்று யாரிடம் கேட்பது?

முடி வெட்டுகிறவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மூலிகையில் செய்த டையாம், குழந்தைக்குக்கூடப் போடலாமாம். டப்பாவில் இலையும் பூவும் போட்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் அதை அடித்துக்கொண்டு வந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு கட்டிலுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறுபடி கண் மூடிக்கொண்டது. டாக்டரம்மா டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "இலையோட அதே சரக்கையும் கலந்திருக்கான்," என்றாள். அன்றே கடைத் துணியில் ஒரு துண்டு வாங்கி வரச்சொல்லித் தையல்காரியின் முதுகில் ஒட்டியும் பார்த்தாள். நாலு நாள் கழித்துத் துணி குற்றமற்றது என்று முடிவானது. காஜாக்காரி வந்து முதலாளி கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா நடக்குமா?" என்றாள் தம்பியிடம். "எதையாவது ஒண்ணை விடு."

"கூழே மீசையாலதான்கா வருது," என்றார் அவர்.

அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. தையல்காரியும் கேட்கவில்லை. முன்வரிசையில் பழைய இடத்தில் உட்கார்ந்து கோட்டுக்குக் கை பூட்டினாள். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் யாரோ உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வழிவிடச் சொல்லப் போனவள் அப்படியே நின்றாள். மேலுதடு மொட்டையாக, வெயில் படாத வெளுப்போடு இருந்தது. தலையும் ஒட்ட வெட்டியிருந்தது. இவ்வளவு சின்ன வாயா இவருக்கு என்றுதான் முதலில் தோன்றியது.

"என்னங்க இது?"

"நல்லா இல்லையா?"

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"உன்னைக் கேட்டா வேணாம்னு சொல்லுவே. வேணாம்னு சொன்னா நானும் சரின்னு இருந்துடுவேன்." செருப்பை ஓரமாக வைத்தார். "மேனேஜர் ஒண்ணும் கோவிச்சுக்கலை. கொஞ்ச நாள் பின்வாசல்ல இருங்கன்னாரு. காய்கறி வண்டி, சலவைத் துணி வண்டி வர்ற கேட்டு. கோட்டு வேணாம், கையுறை வேணாம். மதியம் வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம்."

"கொஞ்ச நாள்னா?"

"அதை அவரு சொல்லலை."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மீசையை எடுத்தவர் மேலா, எடுக்கவைத்த தன் கன்னத்தின் மேலா, நரைத்தவரைப் பின்னால் தள்ளுகிறவன் மேலா? உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, அரிசியைக் களைந்து, களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள். அவர் வந்து அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி உலையில் போட்டார்.

நாள் போகப் போக அவர் உதட்டின் மேல் வெள்ளை வெளேரென்று முளைத்தது. தெருவில் சிலர் அவரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். பின்வாசலில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்குகிறவர்களோடு அவருக்குச் சிநேகம் ஆகிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது சில நாள் சந்தோஷமாக இருப்பது போலத் தெரிந்தது, சில நாள் தெரியவில்லை. அவள் முகம் தெளிந்திருந்தது. ஆனாலும் இரண்டு பேரும் கட்டிலில் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டே படுத்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு அமைந்துவிட்டது.

கடைக்கு விடுமுறையான ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் போகலாம் என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அவளும் பக்கத்தில் படுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கழுத்து தன்னாலேயே மறுபக்கம் போயிற்று. போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவர் மறுபடி மல்லாந்து, கூரையில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளும் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நகர்ந்து வந்து, இடது கன்னத்தை அவர் உதட்டின் மேல் வைத்தாள். கட்டையான வெள்ளை முடி சுருக்கென்று குத்தியது. குத்துகிறதா அரிக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"கன்னத்தை எடுத்துக்கோ," என்றார் அவர், உதட்டை அசைக்காமல். "மறுபடி ஏதாவது வந்துச்சுன்னா?"

"வந்தாலும் இப்பத் தெரியாது. நாளான்னைக்குத்தான் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அசையாமப் படுங்க," என்றாள் அவள்.